இசைக்கல்வி நிறுவனங்களில் மாணவர் சேர்க்கையும் செய்முறைத் தேர்வும்: திருவண்ணாமலையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தில் இசை பயில விழைவோரைத் தெரிவு செய்யும் முறை உறவுரிமை, செவிவழித் தேர்வு, கல்விச் சான்றிதழ் என்னும் மூன்று அளவுகோல்களைச் சார்ந்து வளர்ந்துள்ளது. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டு முதல் இன்றைய முனைவர் பட்டச் சேர்க்கை விதிகள் வரை இம்மூன்றும் ஒன்றையொன்று விலக்கியும் தழுவியும் வந்த வரலாற்றை இக்கட்டுரை தொகுத்து நோக்குகிறது. திருவண்ணாமலை மாவட்ட அரசு இசைப்பள்ளியின் சேர்க்கை விதிகளை ஓர் எடுத்துக்காட்டாகக் கொண்டு, கல்விப் படிநிலை உயர உயரச் செவிவழித் தேர்வின் இடம் சுருங்கிச் சான்றிதழின் இடம் பெருகுவதையும், அதனால் மரபுவழிப் பயிற்சி பெற்ற ஊரக மாணவர் இடைவழியில் நின்றுவிட நேர்வதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: இசைக்கல்வி, மாணவர் சேர்க்கை, செய்முறைத் தேர்வு, மாவட்ட இசைப்பள்ளி, ஓதுவார், நாகசுரம், திருவண்ணாமலை.

முன்னுரை

தமிழிசை வரலாறு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் பண், தாளம், இசைக்கருவி, இயற்றியோர், அரங்கு ஆகியவற்றை மையமாகக் கொண்டவை. இசைக்கல்வி நிறுவனங்கள் குறித்த ஆய்வுகளும் பாடத்திட்டம், ஆசிரியர், நூல் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. அந்நிறுவனங்களின் வாயிலில் யார் நிறுத்தப்பட்டனர், யார் உள்ளே அனுமதிக்கப்பட்டனர், அம்முடிவு எந்த அளவுகோலால் எடுக்கப்பட்டது என்னும் வினாக்கள் போதிய கவனம் பெறவில்லை. ஆயினும் ஒரு தலைமுறையில் யார் பாடகராகவும் ஆசிரியராகவும் ஆய்வாளராகவும் உருவாகின்றனர் என்பதைப் பாடத்திட்டத்திற்கு முன்பாகவே தீர்மானிப்பது சேர்க்கை முறையே.

இவ்வினாவை ஆராய்வதற்குத் திருவண்ணாமலை பொருத்தமான களம். சம்பந்தரின் இரு பதிகங்களைப் பெற்ற தலம் இது. திருவெம்பாவை இத்தலத்தில் அருளப்பெற்றது என்பது மரபு. பதினைந்தாம் நூற்றாண்டினரான அருணகிரிநாதரின் சந்தத் தாளங்கள் இத்தலத்தோடு இணைத்தே பேசப்படுகின்றன. முத்துசுவாமி தீட்சிதரின் பஞ்சபூதத் தலக் கீர்த்தனைகளுள் சாரங்க இராகத்தில் அமைந்தது இத்தலத்திற்குரியது. இத்தகைய இசை மரபுடைய ஊர், 1989இல் வட ஆர்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நகரை ஒட்டிய வேங்கிக்காலில் அமைந்தது. கோயில் வழிப்பட்ட இசை மரபும் அலுவலகம் வழிப்பட்ட விண்ணப்ப முறையும் அருகருகே நிற்கும் இடமாக இவ்வூரைக் காணலாம்.

கல்வெட்டில் தகுதி விதி

இசைஞரைத் தெரிவு செய்வதற்கான எழுத்து வடிவிலான விதிகளுள் தொன்மையான ஒன்று தஞ்சைப் பெரிய கோயிலில் காணப்படுகிறது. திருப்பதியம் விண்ணப்பம் செய்வதற்கு 48 பிடாரர்களையும், அவர்களுக்குத் துணையாக உடுக்கை வாசிப்பார் ஒருவரையும் கொட்டி மத்தளம் வாசிப்பார் ஒருவரையும் முதலாம் இராசராசன் நியமித்தான். ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் வழங்கப்பட்டது.

இக்கல்வெட்டில் இக்கட்டுரைக்கு முதன்மையானது அதன் வாரிசு விதியாகும். நியமனம் பெற்றவர் இறந்தாலோ வேற்றிடம் சென்றாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அந்நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும். அவ்வுறவினர் தாமே பாடும் தகுதி உடையவரல்லர் எனில், தகுதியுடைய வேறொருவரைக் கொண்டு பாடுவிக்க வேண்டும். உறவினர் எவரும் இல்லையெனில், எஞ்சியிருக்கும் பாடுவோர் தகுதியுடைய ஒருவரைத் தெரிவு செய்ய வேண்டும்.

இவ்விதியில் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. முதலாவது, உறவுரிமை முதலிடம் பெற்றாலும் அதுவே போதுமானதாகக் கொள்ளப்படவில்லை. ஊதிய உரிமை வேறு, பாடும் தகுதி வேறு என்ற தெளிவு பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இருந்துள்ளது. இரண்டாவது, தகுதியைத் தீர்மானிக்கும் பொறுப்பு, உறவினர் இல்லாத நிலையில், அரசு அலுவலரிடம் அன்றிப் பாடுவோரிடமே விடப்பட்டது. இசையறிந்தோர் கூடி ஒருவரின் தகுதியைத் தீர்மானிக்கும் இன்றைய தேர்வுக்குழுவின் முன்வடிவமாக இதனைக் கருதலாம். மூன்றாவது, தகுதி என்பது எவ்வாறு அளக்கப்படும் என்பதைக் கல்வெட்டு வரையறுக்கவில்லை. அது பாடுவோர் குழுவின் பொது அறிவாகவே கொள்ளப்பட்டது. இவ்வரையறையின்மை பின்னைய காலத் தேர்வுகளிலும் தொடர்கிறது.

குருகுலச் சேர்க்கையும் அதன் வரம்பும்

குருகுல முறையில் சேர்க்கைக்கெனத் தனி நாளோ விண்ணப்பமோ இல்லை. ஆசிரியர் மாணவரைப் பாடச் சொல்லிக் கேட்பார்; சுருதியோடு இணைகிறாரா, சொல்லிக் கொடுத்த சங்கதியைத் திரும்பச் சொல்கிறாரா என்று பார்ப்பார். அதன் பின்னரும் முடிவு உடனே எடுக்கப்படுவதில்லை. மாணவர் ஆசிரியர் இல்லத்தில் தங்கிப் பணிவிடை செய்து, கேள்வி ஞானத்தால் முன்னேறிய பின்னரே பாடம் முறையாகத் தொடங்கும். ஆகவே குருகுலத்தில் சேர்க்கைத் தேர்வு சில நிமிடங்களில் முடிவதன்று. மாதக் கணக்கில் நீளும் ஒரு கவனிப்பு.

இம்முறையின் வலிமை அதன் கால நீட்சியில் உள்ளது. பன்னிரண்டு முதல் பதினாறு வயது வரையிலான ஆண் பிள்ளைகளுக்குக் குரல் உடையும் பருவத்தில், அதாவது மகரக்கட்டின்போது, அவர்களின் குரலைக் கொண்டு எதிர்காலத்தைக் கணிப்பது அரிது. செம்மங்குடி சீனிவாச ஐயரின் இளமைக் குரலைக் கேட்ட மூத்த கலைஞர் ஒருவர், அவர் வாய்ப்பாட்டை விடுத்து வயலின் பயில்வதே நன்று எனக் கூறியதாக இசையுலகில் வழங்கும் செய்தி பரவலாக அறியப்பட்டது. அவரே 1947இல் தம் நாற்பதாம் வயதிற்கு முன்னரே சங்கீத கலாநிதி விருது பெற்றார். திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்வி நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். ஒரு நாள் தேர்வின் முடிவு வாழ்நாள் முடிவாக இருந்திருப்பின் அவ்வளர்ச்சிக்கு இடமிருந்திராது.

இம்முறையின் குறை அதன் சமூக எல்லையில் உள்ளது. யாருடைய இல்லத்தில் யார் தங்கலாம், யாரோடு உண்ணலாம் என்பவை சாதியால் வரையறுக்கப்பட்டிருந்தன. இசை வேளாளர் குடும்பங்களில் நாகசுரமும் தவிலும் தந்தை வழியே, தாய்மாமன் வழியே கடத்தப்பட்டன. பெண்களுக்குத் தங்கிப் பயிலும் குருகுலம் பெரிதும் மூடப்பட்டிருந்தது. மரபுக் கலைக் குடும்பங்களில் பிறந்த பெண்கள் இல்லத்திற்குள்ளேயே பயின்றனர். செவிவழித் தேர்வு நுட்பமாக இருந்தபோதும், அத்தேர்வு வரை வந்து சேரும் வாய்ப்பைப் பிறப்பே தீர்மானித்தது.

கல்லூரியின் வருகை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இசைக்கல்வி பொது நிறுவனமாக உருப்பெறத் தொடங்கியது. ஆபிரகாம் பண்டிதர் தஞ்சையில் நடத்திய இசை மாநாடுகளும், 1917இல் வெளிவந்த கருணாமிர்த சாகரமும் இசையை ஆய்வுக்கும் கல்விக்கும் உரிய துறையாக நிலைநிறுத்தின. விசயநகரத்தில் 1919இல் மகாராசா இசைக் கல்லூரி தொடங்கப்பட்டது. அக்கல்லூரியில் மாணவராகச் சேர விண்ணப்பித்து வந்த துவாரம் வெங்கடசாமி நாயுடுவின் வாசிப்பைக் கேட்டு, அவரை வயலின் ஆசிரியராகவே நியமித்தனர் என்று சொல்லப்படுகிறது. 1936இல் அவர் அக்கல்லூரியின் முதல்வரானார். நிறுவனம் தோன்றிய தொடக்கத்தில் செவியின் தீர்ப்பு எத்துணை அதிகாரம் உடையதாக இருந்தது என்பதற்கு இச்செய்தி சான்று.

தமிழ்நாட்டில் 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலை செட்டியாரால் இசைக் கல்லூரி நிறுவப்பட்டது. அது பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பகுதியாயிற்று. சென்னை மியூசிக் அகாதெமி 1931இல் இசையாசிரியர்களுக்கான கல்லூரியைத் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகம் 1932இல் இசைத்துறையை ஏற்படுத்தியது, பி. சாம்பமூர்த்தி அங்கும் இராணி மேரி கல்லூரியிலும் ஆற்றிய பணி, இசையைத் தேர்வெழுதிப் பட்டம் பெறும் பாடமாக ஒழுங்கமைத்தது. 1949இல் சென்னையில் தொடங்கிய கர்நாடக இசை மத்தியக் கல்லூரிக்கு முசிறி சுப்பிரமணிய ஐயர் முதல் முதல்வரானார். அதுவே இன்றைய தமிழ்நாடு அரசு இசைக்கல்லூரி.

இக்காலகட்டத்தின் ஆசிரியர்கள் எவரும் இசையில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். டைகர் வரதாச்சாரியார், பொன்னையா பிள்ளை, முசிறி சுப்பிரமணிய ஐயர், வீணை தனம்மாள் மரபில் வந்த தி. பிருந்தா ஆகியோர் செவிவழி மதிக்கப்பெற்றே ஆசிரியர் பதவிக்கு வந்தனர். ஆனால் அவர்களிடம் பயில வந்த மாணவர்க்குப் பள்ளிக் கல்வித் தகுதி மெல்ல மெல்ல முன்நிபந்தனையாயிற்று. சான்றிதழ் இல்லாத ஆசிரியர் சான்றிதழ் உடைய மாணவரைப் பயிற்றுவிக்கும் நிலை ஒரு தலைமுறைக் காலம் நீடித்தது.

இம்மாற்றத்தின் நற்பயனையும் குறிப்பிடுதல் வேண்டும். பள்ளித் தேர்ச்சி என்னும் நிபந்தனை, குடிப்பிறப்பு என்னும் நிபந்தனையை வாயிலிலிருந்து அகற்றியது. இசைக் குடும்பத்தில் பிறவாத பெண்கள் பெருமளவில் இசை பயில வழி திறந்தது இராணி மேரி போன்ற கல்லூரிகளாலேயே. ஆனால் அதே நிபந்தனை, இளமையிலேயே தொழிலுக்கு வந்து பள்ளியை இடையில் நிறுத்திய நாகசுர, தவில் குடும்பத்துப் பிள்ளைகளையும் ஓதுவார் பிள்ளைகளையும் வெளியே நிறுத்தியது. ஒரு வாயில் திறந்தபோது மற்றொன்று மூடியது என்பதே 1929 முதல் 1949 வரையிலான இருபதாண்டு வரலாற்றின் சுருக்கம்.

வானொலித் தேர்வும் முகமறியாக் கேட்பும்

செவிவழித் தேர்வு முறைப்படுத்தப்பட்ட வடிவத்தைப் பெற்றது கல்வி நிறுவனத்தில் அன்று, வானொலியில். பி. வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற 1952ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி இசைக்கலைஞர்களுக்கான தேர்வு முறையை நடைமுறைப்படுத்தியது. கலைஞரின் முகத்தையும் பெயரையும் அறியாது இசையை மட்டும் கேட்டுத் தரம் வழங்குதல் அதன் கொள்கை. பல்லாண்டுகள் புகழ்பெற்றிருந்த கலைஞர் பலர் தம்மைத் தேர்வுக்கு உட்படுத்துவதை எதிர்த்தனர். எனினும் அத்தர வரிசை நிலைபெற்று, இன்றளவும் இசைக்கலைஞரின் தகுதிக்குப் பொதுச் சான்றாக மதிக்கப்படுகிறது.

அதே 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் சிம்பொனி இசைக்குழு திரைக்குப் பின்னிருந்து வாசிக்கச் செய்து கலைஞரைத் தெரிவு செய்யும் முறையைக் கையாளத் தொடங்கியது. இம்முறை பெண் கலைஞர் தேர்வாகும் வாய்ப்பைக் கூட்டியது என்று கிளாடியா கோல்டின், சிசிலியா ரவுஸ் ஆகியோர் 2000இல் வெளியிட்ட ஆய்வு முடிவு கூறியது. அம்முடிவின் புள்ளியியல் வலிமை குறித்துப் பின்னர் ஐயங்கள் எழுப்பப்பட்டன. ஆயினும் தேர்வு நடக்கும் முறையே தேர்வின் முடிவை மாற்றக்கூடும் என்னும் வினாவை அவ்வாய்வு நிலைநிறுத்தியது.

இசைக்கல்வி நிறுவனங்களின் சேர்க்கைத் தேர்வில் இம்முகமறியா முறை வேரூன்றவில்லை. மாணவர் தேர்வுக்குழுவின் முன் அமர்ந்து, பெயரும் ஊரும் ஆசிரியர் பெயரும் கூறிய பின்னரே பாடுவது வழக்கம். யாரிடம் பயின்றாய் என்னும் வினா இசையுலகில் இயல்பானது. பாடாந்தரத்தை அறிய அது தேவையாகவும் உள்ளது. ஆனால் அதே வினா, பெயர்பெற்ற ஆசிரியரை அணுக இயலாத மாணவரின் குறையை அவர் வாய் திறக்கும் முன்பே வெளிப்படுத்திவிடுகிறது.

திருவண்ணாமலை மாவட்ட இசைப்பள்ளி: இருவகைத் தகுதி

தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகளை நடத்துகிறது. அவற்றுள் ஒன்று திருவண்ணாமலையில் உள்ளது. குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகிய பிரிவுகளில் மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பு இப்பள்ளிகளில் அளிக்கப்படுகிறது. சேர்க்கை அறிவிப்பு ஆண்டுதோறும் மாவட்ட ஆட்சியரின் செய்திக்குறிப்பாக வெளிவருவது வழக்கம். பன்னிரண்டு முதல் இருபத்தைந்து வயதுக்குட்பட்டோர் சேரலாம்.

இவ்வறிவிப்புகளில் காணும் கல்வித் தகுதி விதி தனி ஆய்வுக்குரியது. குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவற்றிற்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். நாகசுரம், தவில், தேவாரம் ஆகியவற்றிற்கு எழுதப் படிக்கத் தெரிந்திருந்தால் போதும். ஒரே பள்ளியில், ஒரே கால அளவில், ஒரே வகையான சான்றிதழுக்கு இருவகை நுழைவுத் தகுதிகள் வகுக்கப்பட்டுள்ளன.

இவ்வேறுபாட்டை இருவகையாகப் பொருள்கொள்ளலாம். கோயில் சார்ந்த கலைகளைத் தொழிலாகக் கொண்ட குடும்பத்துப் பிள்ளைகளின் பள்ளிக் கல்வி இடையில் நின்றுவிடும் நிலையை உணர்ந்து அரசு அளித்த நெகிழ்வு என்பது ஒன்று. அரங்கக் கலைக்குக் கல்வி தேவை, கோயில் கலைக்கு எழுத்தறிவே போதும் என்னும் பழைய மதிப்பீட்டின் எச்சம் என்பது மற்றொன்று. இரண்டும் ஒருங்கே உண்மையாக இருத்தல் கூடும். எவ்வாறாயினும், சேர்க்கையின்போது மாணவர்க்கு நன்மையாக அமையும் இந்நெகிழ்வு, மூன்றாண்டுகள் கழித்து அவர் மேற்படிப்பை நாடும்போது தடையாக மாறுகிறது.

அரசு இசைக்கல்லூரிகள் சென்னை, மதுரை, திருவையாறு, கோயம்புத்தூர் ஆகிய நான்கு இடங்களில் உள்ளன. வட மாவட்டங்களுக்குச் சென்னை ஒன்றே அணுகக்கூடியது. இக்கல்லூரிகளில் இசைக்கலைமணி முதலிய பட்டயப் படிப்புகளும் பட்டப்படிப்புகளும் உள்ளன. பட்டப்படிப்பிற்கு மேல்நிலைத் தேர்ச்சி இன்றியமையாதது. எழுதப் படிக்கத் தெரிந்த நிலையில் மாவட்டப் பள்ளியில் சேர்ந்து மூன்றாண்டுகள் நாகசுரம் பயின்ற மாணவர், அக்காலத்தில் பள்ளிப் படிப்பைத் தனியே தொடராவிடின், தம் சான்றிதழைக் கொண்டு பட்டப்படிப்பின் வாயிலை அடைய இயலாது. மாவட்ட இசைப்பள்ளிச் சான்றிதழ் அவரது இசைத் திறனுக்குச் சான்றாகிறது. ஆனால் கல்விப் படிநிலையில் அது ஒரு படியாகக் கணக்கிடப்படுவதில்லை.

பண்ணும் இராகமும்: தேர்வறையின் மொழி

செய்முறைத் தேர்வு மொழியற்றது, ஒலியை மட்டும் சார்ந்தது என்னும் கருத்து முற்றிலும் சரியன்று. தேர்வறையில் வழங்கும் கலைச்சொற்கள் ஒரு குறிப்பிட்ட பயிற்சி மரபினுடையவை. வரிசைகள், அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை என்னும் பயிற்சி நிரலில் வந்த மாணவரிடம் அந்நிரலுக்குரிய வினாக்கள் கேட்கப்படுகின்றன. தேவாரம் பயின்று வந்த மாணவர் பழம்பஞ்சுரத்தை நன்கு பாடுவார். அதுவே சங்கராபரணத்தின் சுரங்களில் அமைவது என்பதை அவர் அறியாதிருக்கலாம். மேகராகக் குறிஞ்சியைப் பாடத் தெரிந்தவர் நீலாம்பரி பாடு என்றால் தயங்கலாம். சம்பந்தரின் அண்ணாமலைப் பதிகங்கள் இரண்டும் நட்டபாடையிலும் தக்கேசியிலும் அமைந்தவை. அவற்றைச் சிறுவயது முதல் பாடி வந்த பிள்ளைக்குக் கம்பீரநாட்டை, காம்போதி என்னும் பெயர்கள் பின்னர் அறிமுகமாவன. பாடும் திறன் இருந்தும் பெயர் தெரியாமையால் மதிப்பெண் இழக்கும் நிலை இங்கு எழுகிறது.

நாகசுர மாணவர்க்கு வேறொரு சிக்கல் உண்டு. வெட்டவெளிக்கும் கோபுர வாயிலுக்கும் உரிய இக்கருவியின் ஒலியளவு சிறிய தேர்வறைக்குப் பொருந்துவதன்று. தவிலின் நிலையும் அதுவே. சாயரட்சைக்கும் புறப்பாட்டிற்கும் வாசித்துப் பழகியவரின் இராக ஆலாபனை விரிவு, பத்து நிமிடத் தேர்வில் வெளிப்படுதல் அரிது. அரங்க இசைக்கு ஏற்ப வகுக்கப்பட்ட தேர்வு வடிவம் கோயில் இசைக்கு நடுநிலையானதாக அமையாது.

தமிழிசை இயக்கம் இச்சிக்கலின் ஒரு பகுதியை முன்னரே எதிர்கொண்டது. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய தமிழிசை மாநாடும், 1943இல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கமும் பாடத்திட்டத்தில் தமிழ்ப் பாடல்களின் இடத்தை வலியுறுத்தின. பண்ணாராய்ச்சி வழியாகப் பண்ணுக்கும் இராகத்திற்கும் உள்ள உறவு தெளிவாக்கப்பட்டது. ஆனால் அவ்வியக்கத்தின் கவனம் எதைப் பாடுவது என்பதில் நின்றது. சேர்க்கையின்போது எதைக் கேட்பது, எவ்வாறு கேட்பது என்னும் வினா பெரிய விவாதமாக எழவில்லை.

பட்டமேற்படிப்பும் முனைவர் பட்டமும்

பட்டமேற்படிப்பு நிலையில் சேர்க்கைக்கான முதல் வடிகட்டி இளநிலைப் பட்டமாகும். அதன் பின்னரே செய்முறைத் திறன் நோக்கப்படுகிறது. முனைவர் பட்ட நிலையில் செய்முறைத் திறனின் இடம் மேலும் சுருங்குகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிமுறைகள் நுழைவுத் தேர்வின் பாதியை ஆராய்ச்சி நெறிமுறைக்கும் பாதியைத் துறைசார் அறிவிற்கும் ஒதுக்கின. 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் நுழைவுத் தேர்வு வழி வருவோர்க்கு எழுத்துத் தேர்வுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் வழங்கின. இசையிலும் நடத்தப்படும் தேசியத் தகுதித் தேர்வு முற்றிலும் கொள்குறி வினாக்களால் ஆனது. இயற்பியலுக்கும் வரலாற்றுக்கும் வகுக்கப்பட்ட அதே சட்டகம் இசைக்கும் பொருந்துவதாகக் கொள்ளப்பட்டுள்ளது.

ஆராய்ச்சிக்கு எழுத்தாற்றலும் நெறிமுறை அறிவும் தேவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஓர் இராகத்தின் வழக்காற்றை ஆய்பவர் அதனைப் பாடியோ வாசித்தோ அறிந்தவராக இருத்தல் ஆய்வின் தரத்தைப் பாதிக்கும் செய்தியாகும்.

இதே மானியக் குழு ஆசிரியர் நியமனத்தில் வேறு நிலைப்பாட்டை மேற்கொண்டுள்ளது. 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, இசையில் உதவிப் பேராசிரியர் பதவிக்கு முதுநிலைப் பட்டமும் தகுதித் தேர்வும் ஒரு வழி. புகழ்பெற்ற மரபாசிரியரிடம் பயின்று, வானொலி அல்லது தொலைக்காட்சியில் உயர் தரம் பெற்று, பாடத்தை விளக்கும் ஆற்றலும் உடைய தொழில்முறைக் கலைஞராக இருத்தல் மற்றொரு வழி. மரபுவழிப் பயிற்சியும் செவிவழித் தரமும் ஆசிரியர்க்குத் தகுதியாக ஏற்கப்படுகின்றன. மாணவர் சேர்க்கையில் இத்தகைய மாற்று வழி எங்கும் ஒரே சீராக வகுக்கப்படவில்லை. விதிகளை ஒருங்கு வைத்து நோக்கினால், கற்பிக்கத் தகுதியுடையவராக ஏற்கப்படும் பயிற்சி, கற்கத் தகுதியுடையதாக ஏற்கப்படாத முரண் புலனாகிறது.

நுழைவுத் தேர்வு ஒழிப்பின் பின்னணியில்

தமிழ்நாடு அரசு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழித் தொழிற்கல்விக்கான பொது நுழைவுத் தேர்வை நீக்கியது. நகர்ப்புறப் பயிற்சி நிலையங்களை அணுக இயலாத ஊரக மாணவர்க்கு அத்தேர்வு பாதகமானது என்பது அதன் அடிப்படை வாதம். கலை அறிவியல் கல்லூரிகளில் மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணும் 69 விழுக்காட்டு இடஒதுக்கீடும் சேர்க்கையைத் தீர்மானிக்கின்றன.

இவ்வாதத்தை இசைச் சேர்க்கைக்கு நீட்டித்தால் சிக்கலான வினா எழுகிறது. செய்முறைத் தேர்வும் ஒரு நுழைவுத் தேர்வே. தனிப்பட்ட ஆசிரியரிடம் கட்டணம் செலுத்திப் பல்லாண்டு பயின்ற மாணவர் அதில் முந்துவர். திருவண்ணாமலை போன்ற மாவட்டத்தின் ஊரகப் பள்ளிகளில் இசை தேர்வுப் பாடமாகப் பயிற்றப்படுவதும் அரிது. அவ்வாறாயின் செய்முறைத் தேர்வையும் நீக்கிவிடலாமா? நீக்கினால் எஞ்சுவது மதிப்பெண் பட்டியல். அப்பட்டியலில் நாகசுரக் குடும்பத்துப் பிள்ளை மேலும் பின்னுக்குத் தள்ளப்படுவார். அவருக்குச் சாதகமாக இருக்கக்கூடிய ஒரே அளவுகோல் செவியே. ஆகவே இசையைப் பொறுத்தவரை சமூக நீதி வாதம் தேர்வை நீக்குவதை நோக்கி அன்று, தேர்வைத் திருத்துவதை நோக்கியே செல்கிறது.

இலங்கையின் நடைமுறை இங்கு ஒப்பு நோக்கத்தக்கது. அங்குக் கர்நாடக சங்கீதம் உயர்தரப் பரீட்சைக்குரிய பாடங்களுள் ஒன்று. 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை படிநிலைத் தேர்வுகளைத் தொடர்ந்து நடத்தி வருகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைப் பீடத்திலும், மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்தர் பெயரில் அமைந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் சேர விழைவோர் உயர்தரப் பெறுபேற்றோடு உளச்சார்புப் பரீட்சைக்கும் தோற்ற வேண்டும். பள்ளி, சபை, பல்கலைக்கழகம் என்னும் மூன்றும் தொடர்புடைய படிகளாக அமைந்திருப்பதால் தேர்வறையில் கேட்கப்படுவது மாணவர்க்கு முன்னரே பழக்கமானதாக உள்ளது. தமிழ்நாட்டில் மாவட்ட இசைப்பள்ளி, இசைக்கல்லூரி, 2013ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்று நிலைகளும் உள்ளன. ஆனால் முதற்படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஏறும் வழி, பள்ளிக் கல்வி என்னும் வெளிப்படியைச் சார்ந்தே உள்ளது.

முடிவுரை

இவ்வாய்வில் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு.

உறவுரிமை, செவிவழித் தேர்வு, சான்றிதழ் ஆகிய மூன்று அளவுகோல்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மறைந்தவை அல்ல. தஞ்சைக் கல்வெட்டில் உறவும் தகுதியும் பிரித்தறியப்பட்டன; கல்லூரிக் காலத்தில் சான்றிதழ் உறவை அகற்றியது; இன்றும் யாரிடம் பயின்றாய் என்னும் வினாவில் உறவின் நிழல் தொடர்கிறது.

கல்விப் படிநிலை உயருந்தோறும் செவியின் இடம் குறைகிறது. மாவட்ட இசைப்பள்ளியில் எழுத்தறிவும் ஆர்வமும் போதுமானவை. பட்டப்படிப்பில் மேல்நிலைத் தேர்ச்சி முந்துகிறது. முனைவர் பட்டச் சேர்க்கையில் எழுத்துத் தேர்வே ஆட்சி செய்கிறது.

திருவண்ணாமலை போன்ற மாவட்டங்களின் நாகசுர, தவில், தேவார மாணவர் இப்படிநிலையின் முதற்படியில் வரவேற்கப்பட்டு இரண்டாம் படியில் நிறுத்தப்படுகின்றனர். மாவட்ட இசைப்பள்ளிச் சான்றிதழோடு திறந்தநிலைப் பள்ளிக் கல்வியை இணைத்தல், தேவார மாணவரிடம் பண் பெயராலேயே வினவுதல், நாகசுரத்திற்கும் தவிலுக்கும் திறந்தவெளியில் தேர்வு நடத்துதல், முதற்கட்டத் தேர்வையேனும் பெயரறியா ஒலிப்பதிவின் வழி நிகழ்த்துதல், மகரக்கட்டுப் பருவத்தினர்க்கு மறுவாய்ப்பு அளித்தல் ஆகியவை பெருஞ்செலவு இன்றி மேற்கொள்ளக்கூடிய திருத்தங்களாகும்.

வாரிசு எவரும் இல்லாதபோது பாட வல்லாரைத் தேடிக் கண்டடையும் பொறுப்பைத் தஞ்சைக் கல்வெட்டு நிறுவனத்தின் உள்ளிருந்தோர் மீது சுமத்தியது. வல்லார் தாமே சான்றிதழோடு வந்து நிற்க வேண்டும் என்பது இன்றைய விதி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாற்றத்தை மாவட்ட இசைப்பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளையும் அங்குப் பயின்றோரின் பிற்கால நிலையையும் கொண்டு விரிவாக ஆராய்தல், தமிழிசைக் கல்வி வரலாற்றில் மேற்கொள்ளத்தக்க அடுத்த பணியாகும்.